ஆவியும் புகையே

யூபிலி மலர்களிற் கல்லூரியின் பெருமையைப் பேசுதல் மரபு. அதற்குத் தக்கார் பலர் இம்மலரில் எழுதியுள்ளனர். யாமோ வகுப்பறையில் அன்றாடங் காணும் கவலையொன்றைப் பழைய மாணவர்முன் வைக்க விரும்புகின்றோம்.

எழுதுகோல் போன்றதொரு சிறு கருவி மாணவரின் சட்டைப்பையில் இடம்பெறத் தொடங்கியுள்ளது. ‘வேப்’ என்பது அதன் பெயர். “அது புகையன்று, வெறும் ஆவி” என்பது அவர்கள் கூறுஞ் சமாதானம்.

சொல்லுக்குப் பொருள் விளக்குதல் தமிழாசிரியர் கடமை. அது சமையற்கட்டில் எழும் நீராவியன்று. நிக்கொட்டினும் சுவையூட்டிகளுங் கலந்த திரவத்தை மின்கலத்தாற் சூடாக்கிப் பெறுவது. நிக்கொட்டின் புகையிலையில் உள்ள நஞ்சு. வளரும் மூளையை அஃது எளிதிற் பற்றிக்கொள்ளும். பின்னர்க் கிடையாத வேளையில் எரிச்சலும் கவனச் சிதைவும் உண்டாகும். பெயர் மாறினும் பிணி மாறவில்லை.

புகையிலை நமக்குப் புதியதுமன்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. தோட்டப் புகையிலையாலும் சுருட்டுத் தொழிலாலும் வந்த காசிற் கற்றுயர்ந்தோர் நம்முட் பலர். சீனிச் சர்க்கரைப் புலவர் புகையிலையைப் பழனி முருகனுக்கே தூதாக விட்டுப் பாடினார். ஆதலால், மாணவனை நோக்கி விரல் நீட்டுமுன் நாம் சிறிது அடக்கங் கொள்ளல் தகும்.

சட்டம் இல்லாமலில்லை. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை நிறுவிய 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதிற் குறைந்தோர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடுக்கின்றது. 2016 இல் வெளிவந்த ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய மின்சிகரட்டின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தன. எனினும் கருவி வருகின்றது. பிடிபடுபவனோ விற்றவனல்லன், மாணவனே.

அவனைப் பள்ளி என்செய்கின்றது? முன்னாளிற் பிரம்பு பேசியது. இந்நாளில் இடைநிறுத்தம் பேசுகின்றது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிகள் பல, கழிவறைகளில் ஆவியை உணருங் கருவிகளைப் பொருத்தியுள்ளன. அக்கருவி ஆவி எழுந்த இடத்தைக் கூறும். எழுந்த காரணத்தைக் கூறாது.

எமது பிழையொன்றை ஒளியாது சொல்கின்றோம். பத்தாந் தரத்து மாணவனொருவனை இரு வாரம் வீட்டிலிருக்குமாறு அனுப்ப யாமும் இசைந்தோம். பெற்றார் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடு அது. தனிமையில் அப்பழக்கமே அவனுக்குத் துணையாயிற்று. மீண்டு வந்தவன் கடைசி வாங்கில் ஒதுங்கியிருந்தான். ஒருநாள் கட்டுரைக் கொப்பியைத் திருத்திக் கொடுக்குங்கால், ஏன் சோர்ந்திருக்கின்றாய் என வினவினோம். “ஏன் தொடங்கினாய் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை, சேர்” என்றான். கருவி வந்த வழியும் அதன் பின்னரே தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரொருவர் விட்டுச்சென்ற பொருள் அது.

இவ்வாறு கூறின் ஒழுக்கந் தளரும் என்பார் உளர். அவர் அச்சம் பொருளற்றதன்று. கண்டும் காணாது விடுக என யாம் கூறவில்லை. கருவியைப் பறிமுதல் செய்க. பெற்றாரை அன்றே அழைத்துப் பேசுக. பள்ளி விட்டபின் மறித்து வைத்துப் பாடம் எழுதுவிக்க. ஆனால் பள்ளியினின்றும் விலக்கற்க. பழக்கத்தினின்றும் விடுபட முயல்வோனுக்கு நாட்களை நிரப்பும் பாடமும் விளையாட்டும் நண்பருமே பெருந்துணை. இடைநிறுத்தம் அவற்றையே பறிக்கின்றது. விற்பவன் உளனெனின், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பொலிசாருக்கும் அறிவித்தல் அதிபரின் கடமையாகுக.

பழைய மாணவரிடம் இரண்டு வேண்டுகின்றோம். கல்லூரிக்கு நன்கொடை வழங்குங்கால், கருவிகளுக்கு முன்னர் ஆலோசனை வழிகாட்டலுக்கென ஓர் அமைதியான அறையையும் அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் நினைமின். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விழாவுக்கு வருவோர், மருமக்கள் கைக்கெட்டும்படி எதனை விட்டுச் செல்கின்றோம் என ஒருமுறை பெட்டியைப் பார்மின்.

அம்மாணவன் இவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவுள்ளான். பழக்கம் முற்றும் அகன்றதென யாம் துணிந்து கூறோம். ஆயினும் அவன் இப்போது முன் வாங்கில் இருக்கின்றான்.