ஆரோனும் ஊரும் எங்கே?



கருவுற்றிருக்கும் சகோதரி ஒருவர் பரிசோதனைத் தேதியை மறந்துவிட்டார் என்று தெரிந்தால் நம்மில் சிலர் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "தாயாகப் போகிறவளுக்கு இவ்வளவு அலட்சியமா?" "ஜெபத்தில் கருத்தாயிருந்தால் மனம் ஏன் அலைகிறது?" "பிள்ளை பிறந்தால் பொறுப்பு தானாய் வரும்." ஏ.டி.ஹெச்.டி. என்னும் கவனக்குறைபாடு உள்ள ஒருவரைக் குறித்து இவை மூன்றும் பொய்.

அது சிறுவயதிலேயே தொடங்குவது. மூளையின் வளர்ச்சியைச் சார்ந்தது. பெரும்பாலும் மரபுவழி வருவது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியபோது, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைவு என்றே விவரித்தார். மருத்துவ உலகம் அந்த எண்ணத்தை எப்போதோ விட்டு நகர்ந்துவிட்டது. நாம்தான் இன்னும் அங்கே நிற்கிறோம். அதிலும் துறுதுறுவென்று ஓடாமல் அமைதியாய் அமர்ந்து மனத்தால் மட்டும் அலைந்த பெண்பிள்ளைகளை எவரும் கவனிக்கவில்லை. அவர்களே இன்று நம் சபைகளில் தாய்மாராகிறார்கள்.

மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்தைக் கர்ப்பகாலத்தில் நிறுத்துவதா தொடர்வதா என்பது அந்தச் சகோதரியும் மருத்துவரும் எடுக்கவேண்டிய முடிவு. அதில் தலையிடச் சபைக்கு உரிமையில்லை. போதகனாகிய எனக்கும் இல்லை. என் வழக்கு வேறு. அவர் மருந்தை நிறுத்தினால் "நல்ல விசுவாசம்" என்று மெச்சுகிறோம். ஆனால் மருந்து செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்று கேட்பதில்லை.

அந்த வேலை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நான்காம் மாதம் முதல் நாள்தோறும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை. அதோடு சேர்த்து உண்ணக்கூடாத கால்சியம் மாத்திரை, வேறு வேளையில். ஸ்கேன், ஊசி, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணிநேரம் காத்திருந்து கொடுக்கும் இரத்தப் பரிசோதனை. நமக்கு இது ஒரு அட்டவணை. அவருக்கோ ஒவ்வொரு வேளையும் ஒரு போராட்டம். இரவில் உறக்கம் குலையும்போது கவனம் இன்னும் சிதறும். மருந்துக்குப் பதிலாகக் காபியைக் கூட்டலாமா என்றால், கர்ப்பத்தில் அதற்கும் அளவுண்டு.

மருந்தில்லா வழிகள் இருக்கின்றன: கிழமைவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி, கண்ணில் படும் சுவரில் பெரிய எழுத்து நாட்காட்டி, ஒரு நேரத்தில் ஒரு வேலை, மருத்துவர் அனுமதிக்கும் நடை, மனநல ஆலோசகரிடம் கற்கும் பழக்கங்கள். நல்லவையே. ஆனால் அந்தப் பெட்டியை வாரந்தோறும் நிரப்புவது யார்? அலாரத்தை அணைத்த மறுநொடியே அது எதற்கு ஒலித்தது என்று மறந்து நிற்பவரிடம், இன்னொரு அலாரம் வை என்பது உதவியா? பக்கத்தில் ஒருவர் அமர்ந்து தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே, தொடங்க முடியாத வேலையைத் தொடங்கிவிடுகிறோம் என்று இக்குறைபாடுள்ள பலர் சொல்கிறார்கள். அதற்கு ஆள் வேண்டும்.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் மோசேயின் கைகள் தளர்ந்தன. ஆரோனும் ஊரும் அவருக்கு விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்கவில்லை. உட்காரக் கல்லைக் கொண்டுவந்தார்கள். இருபுறமும் நின்று, சூரியன் மறையும்வரை கைகளைத் தாங்கினார்கள். நாமோ கையைத் தாங்காமல், ஏன் தளர்ந்தது என்று விசாரணை நடத்துகிறோம்!

கணவன்மாரே, மருத்துவமனை அட்டை உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். தேதிகள் உங்கள் தொலைபேசியிலும் ஏறட்டும். மாமியார்மாரே, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அடுத்த வீட்டில் சொல்லாதிருங்கள். அவர் மனம் சோர்ந்து அழுதாலோ, வண்டி ஓட்டும்போது கவனம் தப்பினாலோ, மறுபடியும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தை மீண்டும் தொடங்கச் சொன்னால், அதை விசுவாசத்தின் தோல்வி என்று ஒருவரும் வாய்திறக்க வேண்டாம். பெண்கள் ஐக்கியத்தாரே, அடுத்த சந்திப்புக்குப் பழக்கூடையும் புத்திமதியும் கொண்டுபோக வேண்டாம். ஞாயிறு மாலை ஒருவர் போய், அவரோடு அமர்ந்து, அந்த வாரத்து மாத்திரைப் பெட்டியை நிரப்பிவிட்டு வாருங்கள்.