குற்றவாளி கடற்காற்று மட்டும்தானா?

அந்தமானில் இரும்பு துருப்பிடித்தால் கடற்காற்றைக் குறை சொல்வோம். போர்ட் பிளேரில் வளர்ந்த எனக்கு அது பழகிய நியாயம். ஆய்வுக்கூடத்திலும் அதே நியாயம்தான் நடக்கிறது. எதிர்பாராத படிகம் விளைந்தால் பழி காற்றின் ஈரத்தின்மீது. இல்லையேல் மாணவரின் கவனக்குறைவின்மீது. கண்ணாடி இணைப்புகளில் நாமே பூசிய சிலிக்கோன் கிரீஸை எவரும் விசாரிப்பதில்லை.

அது வினைபுரியாத பொருள் என்பது நம் நம்பிக்கை. உண்மையில், சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நெடுஞ்சங்கிலி அது. கரிமலித்தியச் சேர்மங்கள் போன்ற வலிய காரங்கள் அச்சங்கிலியை அறுக்கும். அறுந்த துண்டு உலோகத்தோடு பிணையும். ஏழு அலகுகள் கொண்ட சிலாக்ஸேன் வளையம், கிரௌன் ஈதர்போலப் பொட்டாசியம் அயனியை நடுவில் ஏந்திய படிகமும் பதிவாகியுள்ளது. இத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்து ருமேனிய வேதியியலாளர் இயோனெல் ஹைடுக் 2004இல் ‘ஆர்கனோமெட்டாலிக்ஸ்’ இதழில் கட்டுரையே எழுதினார்.

நாம் என்ன செய்கிறோம்? டியூட்டரோகுளோரோஃபார்மில் எடுத்த என்எம்ஆர் நிறமாலையில் 0.07 பிபிஎம் அருகே எழும் முகட்டை ‘மாசு’ என்று ஒதுக்குகிறோம். கிரீஸ் பூசினோமா என்பதைச் செய்முறையில் எழுதுவதில்லை.

“இவை அரிய விளைவுகள், பதிவதால் என்ன பயன்?” என்பர். பதியாததை அரிது என்று எண்ணிச் சொன்னவர் யார்?

மாணவரைக் கடிந்துகொள்ளுமுன், இணைப்புக்கு டெஃப்ளான் உறையிட்டு அவ்வினையை மீண்டும் நடத்துங்கள். அப்படிகம் மறைந்தால், பிழை எவருடையது என்பதை ஆய்வேட்டிலேயே எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். மறைப்பது மட்டுமே தோல்வி.