பிள்ளைகளும் நாமும்: வயலின் தேர்வுக்குப் போகும் பிள்ளை



சென்ற வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் பாதணி தேடிக்கொண்டிருந்த வேளையில் தாயார் ஒருவர் என்னை மறித்தார். "அண்ணை, மகள் வயலினிலை எட்டாம் நிலை பாஸ் பண்ணிப்போட்டாள். இனிக் கொன்சர்வேட்டரியிலை எடுப்பினம்தானே?" என்று கேட்டார். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருப்பதால் இம்முறை இதனையே எழுதுகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்ப்போம். புளோர் வீதியில் உள்ள றோயல் கொன்சர்வேட்டரி 1886 இல் தொடங்கப்பெற்றது. 1947 இல் 'றோயல்' என்ற பெருமையைப் பெற்றது. எமது பிள்ளைகள் எடுக்கும் நிலைப் பரீட்சைகள் அதன் பணிகளில் ஒன்று. அதன் கிளென் கூல்ட் பள்ளியிலோ, ரொறன்ரோப் பல்கலைக்கழக இசைப் பீடத்திலோ மாணவராகச் சேர்வது வேறு காரியம். அதற்கு நடுவர்கள் முன் வாசித்துக் காட்ட வேண்டும். சான்றிதழ்கள் எத்தனை இருந்தாலும் அந்தச் சில நிமிட வாசிப்பே பெரிதும் தீர்மானிக்கும்.

என்ன கேட்பார்கள்? பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். அவ்வாண்டுக்குரிய பட்டியலை எடுத்து ஆசிரியருடன் இருந்து பாருங்கள். பொதுவாக ஸ்கேல்கள், குறொய்ட்சர் போன்றோர் எழுதிய பயிற்சிப் பாடம் ஒன்று, துணை வாத்தியமின்றி வாசிக்கும் பாஹ் இசையில் ஒரு பகுதி, மொஸார்ட் அல்லது புறூக் போன்றோரின் கொன்சேர்ட்டோவில் ஒரு பகுதி என்று இருக்கும். பல இடங்களில் தாளைப் பாராமல் வாசிக்கச் சொல்வார்கள். எனவே கடைசி மாதத்தில் அவசரப்படும் காரியமல்ல இது; ஓராண்டாவது வேண்டும்.

"அப்ப எங்கடை சங்கீதத்தை நிற்பாட்டுறதோ?" என்பது அந்தத் தாயாரின் அடுத்த கேள்வி. வேண்டாம் என்பேன். நாம் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் தாங்கி, ச-ப-ச-ப என்று சுருதி கூட்டுகிறோம். அவர்கள் நின்றபடி, தாடையில் தாங்கி, ஜி-டி-ஏ-ஈ என்று கூட்டுகிறார்கள். நாம் கமகத்தில் சுரத்தை அசைத்து அழகு செய்யும் இடத்தில் அவர்கள் சுரம் நின்ற இடத்தில் நிற்பதை எதிர்பார்ப்பார்கள். இரண்டையும் ஒரே மணித்தியாலத்தில் கலக்காமல், ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் சாதகம் செய்யலாம். அவர்களது மேஜர் ஸ்கேல் எங்கள் சங்கராபரணம்; ஹார்மொனிக் மைனர் எங்கள் கீரவாணி. பிள்ளை வெறுங்கையுடன் போகவில்லை என்பதை அவளுக்குச் சொல்லுங்கள்.

இந்த வாத்தியமே எமக்கு அப்படித்தான் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். எமது காலத்தில் எல். சுப்பிரமணியம் அவர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் சிறுவனாக வளர்ந்தவர்; 1958 கலவரத்தின் பின் குடும்பம் சென்னைக்குச் சென்றது. மருத்துவப் பட்டம் பெற்றும், பின்னர் கலிபோர்னியாவில் மேலைத்தேய இசையை முறையாகப் படித்தார். அதனால் அவரது இராகம் கெட்டுப்போகவில்லை.

இனிச் சில நடைமுறைகள். இத்தேர்வுகள் பெரும்பாலும் பனிக்காலத்திலேயே வரும். வயலினைக் குளிர்ந்த காரில் விட்டுவிடாதீர்கள். வீட்டுச் சூட்டில் காற்று உலர்ந்தால் மரம் வெடிக்கும், பிருடை வழுக்கும். பெட்டிக்குள் ஈரப்பதன் காக்க ஏதேனும் வையுங்கள். விரல் சூடேற நேரம் வைத்துப் போங்கள். பியானோ வாசிப்பவருடன் பலமுறை முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள். நடுவர்கள் பாதியில் "போதும்" என்பது வழக்கம். நேரம் போதாமையே காரணம். வீட்டிலேயே பாதியில் நிறுத்திப் பழக்கினால் பிள்ளை அன்று கலங்காது. எமது மண்டபத்திலும் ஒருநாள் பெரியவர்கள் முன் வாசிக்கட்டும்; நாம் கைதட்டாமல் இருந்து கேட்போம்.

கடைசியாக என் தவறொன்று. என் மகன் முதன்முறை இப்படியொரு தேர்வுக்குப் போனபோது, கதவடியில் வைத்து, "இவ்வளவு காசும் செலவழிச்சிருக்கிறம், மறந்திடாதை" என்றேன். உள்ளே அவன் வில் நடுங்கியது வெளியில் இருந்த எனக்கே கேட்டது. இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவனே மீண்டும் போக விரும்பினான். நான் காரை விட்டு இறங்கவில்லை. திரும்பி வந்தவன், "அப்பா, இண்டைக்கு நான் நினைச்சமாதிரி வாசிச்சன்" என்றான். இடம் கிடைத்த கடிதம் பின்னர்தான் வந்தது. ஆனால் எனக்கு நிம்மதி வந்தது அந்தக் காருக்குள்தான்.

ஆகவே, தாய் தந்தையரே, கதவு வரை கூட்டிச் செல்லுங்கள். கதவடியில் ஒன்றும் சொல்லாதீர்கள்.