விலைப்படா வீடு

யாழ்ப்பாணத்திலே வீடு விற்கப் புகுந்தோர், கொள்வார் பணத்தோடு காத்திருப்பவும் ஆண்டுக்கணக்கில் அலைதலைக் காண்கின்றோம். இதற்குக் காரணம் யாது? நம் வழமையில் வீடு ஒருவரது தனிப்பொருளன்று. முதிசம், சீதனம், தேடியதேட்டம் என அது வந்த வழி நோக்கியே உரிமை வகுக்கப்படும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை, விற்போர் தம் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்றது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமும் அன்னோர் முந்தி வாங்கும் உரிமையைப் பேணியது.

பங்காளர் ஒரே வேலிக்குள் வாழ்ந்த நாளில் இத்தாமதம் அறமேயாம். பிறந்தகம் பிறர்கைப்படாது காத்தது. 1983க்குப் பின்னரோ அவர் கனடாவிலும் இலண்டனிலும் சிதறினர். முழு வீடும் விலைப்படப் பங்காளர் எல்லோரும் ஒப்பமிடல் வேண்டும். அற்றோணித் தத்துவம் ஒவ்வொன்றும் கடல் கடந்து வரவேண்டும். ஒருவர் இறப்பின் அவர் பங்கு பிள்ளைகளிடையே பிளவுபட, ஒப்பமிடுவோர் தொகை பெருகும். அதற்கிடையில் ஓடு சரியும், கிணறு தூரும்.

வழமையைப் பழித்தல் தகாது. வாங்கவும் மாட்டேன், ஒப்பமிடவும் மாட்டேன் என்னும் உறவே பழிக்கத்தக்கது. முதியோர் உள்ளபோதே பங்கு பிரித்து உறுதி முடித்தல், பிள்ளைகளுக்கு வைக்கும் நன்முதிசமாகும்.