ஈட்டிய விடுப்பு இரவல் பணமா?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலே, பூட்டிய ஆலைக் கதவின் முன்னே நிற்கிறான் தோழன் ஒருவன். நேற்றுவரை சங்கு ஊதி அவனை அழைத்த ஆலை, இன்று வாயடைத்துக் கிடக்கிறது. "லீவு சம்பளம் என்ன ஆயிற்று?" என்று கேட்கிறான். "கம்பெனி நட்டத்தில் இருக்கிறதப்பா, கொஞ்சம் பொறு" என்கிறார் கணக்கர். "எல்லாம் தலையெழுத்து" என்று திரும்பி நடக்கிறான் தோழன்.

தலையெழுத்தா? எழுதியவன் எவன்? எண்ணிப்பார், தோழனே!

ஈட்டிய விடுப்பு என்பதல்லவா அதன் பெயர்! இரந்து பெற்றதல்ல, உழைத்து ஈட்டியது. ஆண்டில் 240 நாள் உழைத்தவனுக்கு, 20 நாள் உழைப்புக்கு 1 நாள் வீதம் ஊதியத்தோடு விடுப்பு என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு, அந்த 240-ஐ 180 ஆக்கிற்று. எடுக்காத விடுப்பை 30 நாள் வரை சேர்த்து வைக்கலாம். வேலையை விட்டாலும், விலக்கப்பட்டாலும், அதற்குரிய ஊதியம் 2 வேலை நாட்களுக்குள் கைக்கு வந்தாக வேண்டும். 30 நாள் ஊதியம் என்றால் வீட்டு வாடகை, அரிசி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம்! ஓய்வைத்தான் உலைக்களத்துக்குக் கொடுத்தான்; ஊதியத்தையும் இழக்க வேண்டுமா?

இலாபம் கொழித்தபோது அவனைப் பங்காளி என்றார்களா? கூலி என்றார்கள். நட்டம் வந்ததும் மட்டும் பங்காளியாகிச் சுமக்க வேண்டுமாம்! நல்ல நியாயம் இது!

"பெட்டியே காலி, எதைக் கொடுப்பது?" என்பார்கள். பெட்டி காலியாகலாம், நிலம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, கிடங்கு இருக்கிறது. அவற்றை விற்கும்போது வரிசையில் முன்னே நிற்பவன் யார்? அதுதான் கேள்வி.

அந்த வரிசையில் இடம், கேளாமல் கிடைத்ததன்று. கோவையில் ஒரு கம்பெனியைக் கலைக்கும் வழக்கு நடந்தபோது, "எங்களையும் கேளுங்கள்" என்றது தொழிலாளர் சங்கம். உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஐவர் அமர்வில் மூவர், தொழிலாளிக்குப் பேசும் உரிமை உண்டு என்று 1982 டிசம்பரில் தீர்ப்பளித்தனர். 1985-இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது; ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமாகத் தொழிலாளியின் பாக்கி நிறுத்தப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டமோ அந்தச் சம உரிமையைக் கடைசி 24 மாதப் பாக்கியோடு நிறுத்திக்கொண்டது. ஆயினும் விடுப்பு ஊதியமும் அந்தப் பாக்கியில் அடங்கும். அரசுக்குச் சேர வேண்டிய வரியும் அதற்குப் பின்னர்தான்!

ஆனால், கேளாதவனைத் தேடிவந்து எவரும் கொடுப்பதில்லை. ஆகவே, சம்பளச் சீட்டையும் விடுப்புக் கணக்கையும் பத்திரப்படுத்து. எழுத்தில் கேள். தொழிலாளர் துறையில் மனுக் கொடு. கம்பெனி திவால் நடவடிக்கைக்குச் சென்றுவிட்டதா? நாளிதழ் அறிவிப்பில் குறித்த நாளுக்குள் உன் கோரிக்கையைப் பதிவு செய். தனியே போகாதே, உடன் உழைத்தவரையும் அழைத்துச் செல்.

"பொறு" என்போரிடம் சொல்: கடன் கொடுத்த வங்கி பொறுக்கவில்லை, உழைப்பைக் கடன் கொடுத்த நான் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?