தலையை எண்ண ஏன் தயக்கம்?

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் திருச்சி சிவா கேட்டது என்ன? அரியணையையா? மண்டிக்கு வெளியே வணிகத்தைத் திறந்துவிட்ட மசோதாவில் ஆதரவு விலைக்கு ஒரு வரியும் இல்லையே, தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள், உழவனை அழைத்துக் கேட்கட்டும் என்றார். மறுத்தனர். வாக்குகளையேனும் எண்ணுங்கள் என்றார். அதற்கும் மறுப்பு! குரல் வாக்கிலேயே இரு வேளாண் மசோதாக்கள் நிறைவேறின. கேட்டவர்கள் இருக்கையில் இல்லையாம்; பின்னர் சொல்லப்பட்ட காரணம் இது! இருந்ததை அவையின் தொலைக்காட்சிப் படமே காட்டிற்று. படத்துக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, பாவம்!

சில நிமிடங்களை மிச்சம் பிடித்தனர். டில்லி எல்லையில், கொட்டும் பனியிலும் கொளுத்தும் வெயிலிலும், உழவன் ஓராண்டைச் செலவிட்டான். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களை நீக்கினரே, மக்களவையில் அன்றாவது விவாதித்தனரா? இல்லை, அன்றும் இல்லை!