நற்சாட்சிப் பத்திரம்

முன்னொரு காலத்திற் கிளிநொச்சியில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுப் படியேறி வந்தான். நெல் ஆலையொன்றிற் கணக்கெழுதி வந்தவன் அவன். வீட்டுத் தேவைக்கென ஆலைக் காசை எடுத்து, மாத முடிவில் வைத்துவிடலாம் என்றிருந்து, அதற்குள் அகப்பட்டு வேலை இழந்தவன். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆயினும் இரண்டு ஆண்டுகளாக எங்கும் வேலையில்லை.

"ஆலையை விட்டிட்டு, இவ்வளவு காலமும் வயல் பார்த்தேன் எண்டு ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தாருங்கோ, சேர்" என்று தலைகுனிந்து கேட்டான்.

நான் மறுத்தேன். மறுப்பது எனக்கு எளிதாகவே இருந்தது. எனக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது.

பெருநகரில் வேலை இழந்தவன் அடுத்த தெருவிலே புதிய மனிதனாகலாம். வன்னியில் அது நடவாது. பரந்தனில் நடந்ததை மாங்குளத்தில் அறிய ஒரு பேருந்துப் பயணம் போதும். நியாயமற்ற பணிநீக்கத்துக்குத் தொழில் நியாய சபையிற் பரிகாரம் தேடலாம். நியாயமாகவே நீக்கப்பட்டவன் அதன்பின் எவ்வாறு வாழ்வது என்பதை எந்தச் சட்டமும் கூறுவதில்லை.

அன்றிரவு சுரேந்திரநாத் பானர்ஜியின் வரலாறு நினைவுக்கு வந்தது. இந்திய சிவில் சேவையிற் சேர்ந்து, 1871இல் சில்ஹெட்டிற் பதவியேற்றவர் அவர். தலைமறைவாகாத ஒருவரைத் தலைமறைவானவராகக் காட்டிய பத்திரத்திற் கையொப்பமிட்டார் என்பது முதலான குற்றச்சாட்டுகளின் பேரில் 1874இல் நீக்கப்பட்டார். இலண்டன் சென்று முறையிட்டார், பயனில்லை. வழக்கறிஞராக முயன்றார்; பணிநீக்கத்தைக் காட்டி அக்கதவையும் அடைத்தனர். 1875இற் கல்கத்தா திரும்பியவரைத் தமது மெட்ரோபொலிட்டன் கல்வி நிலையத்தில் ஆங்கில ஆசிரியராக அமர்த்தியவர் ஈசுவர சந்திர வித்தியாசாகர். பின்னாளில் 1895இலும் 1902இலும் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் அந்த ஆசிரியரே.

கவனக்குறைவும் களவும் ஒன்றல்ல என்று வாசகர் கூறலாம். உண்மைதான். நான் கருதுவது வித்தியாசாகரின் செயலையே. நாடறிந்த பணிநீக்கத்தை அவர் அறியாதிருந்தவரல்லர். அறிந்தே, இம்மனிதரால் இன்னும் ஆகக்கூடிய பணி யாது என எண்ணி, வேலை கொடுத்தார்.

சிறைத் தண்டனைக்கும் ஒரு விடுதலை நாள் உண்டு. வேலை பறித்த தண்டனைக்கு மட்டும் முடிவு வேண்டாமா? தவறியவனின் கடமை உண்மையை ஒளியாமை. வேலை கொடுப்போர் கடமை, அவ்வுண்மையைக் கேட்டதும் கதவைச் சாத்தாமை. இரண்டாவது இல்லாத ஊரில் முதலாவதை எதிர்பார்ப்பது எங்ஙனம்? பொய்ப் பத்திரங்களைப் பிறப்பிப்போர் நாமே அல்லவா?

குளக்கட்டு உடைத்தால் நம் விவசாயிகள் குளத்தைக் கைவிடுவதில்லை. உடைப்பை மண்ணிட்டு இறுக்குகிறார்கள். அடுத்த மாரியில் அவ்விடத்தையே அடிக்கடி சென்று பார்க்கிறார்கள். மனிதரிடத்தும் அவ்வாறு நடத்தல் ஆகாதா?

மறுநாள் அவனை அழைத்துப் பத்திரம் எழுதினேன். அவன் திறமையை எழுதினேன். தவறை ஒரு வரியில் எழுதினேன். பணத்தைத் திருப்பியதையும் எழுதினேன். வாசித்தவன் நெடுநேரம் பேசவில்லை. பின் மடித்து எடுத்துச் சென்றான்.

இன்று ஒரு மரக்காலையிற் சரக்குப் பதிவேடு எழுதுகிறான். காசுப் பெட்டியின் திறப்பு இன்னும் அவன் கைக்கு வரவில்லை. அது முறையே. வேலை வந்திருக்கிறது.